எட்டு நிமிடத்தில் இரண்டு தலைவர்கள்

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று மாலை பட்டிமன்றம் நடக்கும். வெளியூர்ப் பேச்சாளர்களைக் கூப்பிடுவதில்லை. ஊர்க்காரர்களே இரண்டு அணியாகப் பிரிந்து பேசுவார்கள். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம். தலைப்பை மார்கழி பிறந்ததுமே நூலகக் கதவில் ஒட்டிவிடுவார்கள். சென்ற முறை ஒட்டியிருந்தது இது: நாடு மாறும் காலத்தில் பெரிதும் தேவைப்படுபவர் கனவு காட்டிய தலைவரா, கணக்குப் பார்த்த தலைவரா?

தாளில் பெயர் எதுவும் இல்லை. இருந்தாலும் யாரைச் சொல்கிறார்கள் என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர், வெள்ளைக்காரன் போனபோது நாட்டைக் கையில் வாங்கியவர். இன்னொருவர், வெளிநாட்டுப் பணம் தீர்ந்துபோய் நாடு தன் தங்கத்தையே அடகுக்கு அனுப்பிய காலத்தில் பொறுப்பேற்று, பூட்டிக் கிடந்த சந்தையைத் திறந்துவிட்டவர். நானும் இங்கே முதலாமவர், இரண்டாமவர் என்றே எழுதுகிறேன்.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்காட்டுப்பள்ளி வண்டியில் பின்படியில் நின்று அவர் கொடுக்கும் குரல் ஓட்டுநர் இருக்கைவரை கேட்கும். பட்டிமன்றத்தில் ஏதாவது ஓர் அணிக்கு அவர்தான் தலைவர் என்பது பல வருட வழக்கம். போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய சரியாகிவிட்டன. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது அவருக்குத் தெரியும். அது வாய்க்கு வந்து சேர நேரமாகும். நடுவில் நின்றுபோகும். அப்போது எதிரில் இருப்பவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், பேருந்து நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பழகச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். "அது... வேலை. பேச்சு இல்ல" என்றார்.

தலைப்பு ஒட்டிய வாரம் நடுவர் வீட்டுக்கு வந்தார். திருக்காட்டுப்பள்ளியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சவுதியில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அப்பாவைவிட ஐந்தாறு வயது இளையவர். அப்பாவுக்கு அவர் பாய், எனக்கு மாமா. ஊர்ப் பட்டிமன்றத்துக்கு அவரைவிட்டால் நடுவர் கிடையாது, ஏனென்றால் அவர் கிண்டல் செய்தால் மட்டும் எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை.

அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் விஷயத்துக்கு வரவில்லை. பிறகு சொன்னார். "அண்ணே, இந்தத் தடவை நீங்க பேச வேணாம். மேடையில நடு நாற்காலியில உக்காருங்க. கமிட்டியில முடிவு பண்ணிட்டோம், உங்களுக்குப் பொன்னாடை போடுறோம்."

அப்பா கேட்டார். "பொன்னாடை... யாருக்குப் போடுவாங்க பாய்?"

"பெரிய மனுஷங்களுக்குத்தான்."

"ஓஞ்சு... போனவங்களுக்கு."

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவின் கண் கலங்கவில்லை. அவர் கோபமாக இருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது, ஆடிக்குப் பிறகு அவர் எதற்கும் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. "இரண்டாமவர் பக்கம் நான் பேசுறேன் மாமா. முதலாமவர் பக்கம் அப்பா எட்டு நிமிஷம் பேசுறது என் பொறுப்பு" என்று சொன்னேன். அதுவரை நான் ஒரு மேடையிலும் ஏறியதில்லை.

"நீயா? நீ வாயத் தொறந்தா லிஸ்டுதானே வரும்" என்றார் மாமா. ஆனாலும் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்.

அது உண்மைதான். தஞ்சாவூரில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து, கடல் கடந்த ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் வரைபடம் போடுவது என் வேலை. எங்கே வளைவு, எங்கே வால்வு, எத்தனை மீட்டர் என்று பட்டியல் போடாமல் அதில் ஒரு நாளும் நகராது. அப்பாவின் விஷயத்தையும் அப்படித்தான் தொடங்கினேன். அவர் முன்பு பேசிய பேச்சு ஒன்று என் செல்போனில் இருந்தது. கேட்டு எண்ணினேன். எட்டு நிமிடத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான சொற்கள். இப்போது செய்தித்தாளைப் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தால், அதே நேரத்தில் முந்நூறு.

ஆகவே கேள்வி இப்படி ஆனது: ஒரு தலைவரைப் பற்றி முந்நூறு சொல்லில் என்ன சொல்வது? எதை விடுவது?

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் முதலாமவர், வலப்பக்கம் இரண்டாமவர். கையில் என்ன இருந்தது, என்ன இல்லை, யாரிடம் பேசினார், யாரை நம்பி வேலையை விட்டார், எங்கே தவறினார் என்று ஐந்து வரிசை. நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்தேன். ஒரு வாரத்துக்குள் எனக்கு இதில் உண்மையான ஆர்வம் பிறந்துவிட்டது. அதுவரை இவர்கள் இருவரும் எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்தின் இரண்டு மதிப்பெண் கேள்விகள். அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிந்தார்கள்.

இருவரிடமும் நாடு கிட்டத்தட்ட உடைந்த நிலையில்தான் வந்து சேர்ந்தது. முதலாமவருக்குப் பிரிந்துபோன எல்லை, அகதிகள், அரிசிப் பஞ்சம். ஆனால் கூட்டம் அவர் பின்னால் இருந்தது. இரண்டாமவருக்குக் கஜானா காலி, சபையில் பெரும்பான்மையும் இல்லை, தெருவில் அவருக்காகக் கூடுகிற கூட்டமும் இல்லை. முதலாமவர் பேசிக்கொண்டே இருந்தார். வெறும் பொட்டலில் நின்றுகொண்டு, இங்கே அணை வரும், இங்கே ஆலை வரும் என்றார். இரண்டாமவர் பல மொழி தெரிந்தவர், ஆனால் எந்த மொழியிலும் அதிகம் பேசவில்லை. பாதையைத் திருப்பிவிட்டு, நாம் பழைய பாதையில்தான் போகிறோம் என்றார்.

அதை ஒரு வரியாக எழுதிவைத்தேன். 'முதலாமவர் இல்லாததை இருப்பதுபோல் பேசினார், இரண்டாமவர் செய்ததைச் செய்யாததுபோல் பேசினார்.' என் பேச்சை இதில்தான் தொடங்குவது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை தலையசைத்தார்.

"நல்லா... இருக்கு. எனக்குக் குடு."

"உங்க முந்நூறுல இடம் இல்லப்பா."

அவருக்குப் பிடித்த பகுதி, முதல் தேர்தல். எங்கள் தாத்தா பண்ணையில் வேலை செய்தவர். அந்தத் தேர்தலில் அவரும் பண்ணையாரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், தாத்தா முன்னால், பண்ணையார் நாலு பேர் பின்னால். அப்பா அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் நேரில் பார்த்தவர் போலத்தான் சொல்வார். படித்தவனுக்கு மட்டும், நிலம் வைத்திருப்பவனுக்கு மட்டும் ஓட்டு என்று சொல்லியிருக்க முடியும், முதலாமவர் அப்படிச் சொல்லவில்லை, அதுதான் கனவு என்பது அப்பாவின் கட்சி.

அம்மா வரப்போகும் சம்பா அறுப்புக்குப் பழைய சாக்குகளைத் தைத்துக்கொண்டே கேட்டாள். "நின்னாரு. இல்லேங்கல. சாயங்காலம் எங்க போனாரு?"

அப்பா தாளைப் பார்த்தார்.

"அதே பண்ணைக்குத்தானே போனாரு. மறுநா விடியக்காலம் ஏர் ஓட்ட. ஓட்டுப் போட்டு எத்தன வருஷம் கழிச்சு நமக்கு இந்த அரை ஏக்கர் நிலம் வந்துச்சு? அதையும் சொல்லுங்க மேடையில."

நான் சிரித்தேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். "உன் ஆளு மட்டும் என்ன? சந்தையைத் தொறந்தாருங்கிற. அந்த வருஷம் உரம் விலை ஏறிச்சு பாரு, நான் தாலிக்கொடியில இருந்த தங்கக் குண்டு ரெண்ட வித்துக் குடுத்தேன். உங்க லிஸ்ட்ல எந்தப் பக்கத்துலயும் உரமே இல்லையே."

உரத்தை வலப்பக்கம் 'எங்கே தவறினார்' வரிசையில் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தவறினாருன்னு நான் சொல்லல. விலை ஏறிச்சுன்னு சொன்னேன்" என்றாள். அந்த வரிசைக்குப் பெயரை மாற்றினேன்: யார் சுமந்தார்கள்.

இதற்குப் பிறகு அப்பாவின் பேச்சை நான் வெட்டத் தொடங்கினேன். வடக்கு எல்லையில் முதலாமவர் நம்பி ஏமாந்து, போரில் தோற்ற கதையை அப்பா எழுபது சொல்லில் வைத்திருந்தார். முழுவதையும் எடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

"இது... எங்க?"

"அது உங்க ஆளுக்கு எதிரானதுப்பா. அத எதிரணி சொல்லட்டும். எழுபது சொல் மிச்சம்."

"குத்தத்த... நானே சொன்னாத்தான்... நல்லத நம்புவாங்க. மொதல்ல வை."

வைத்தேன். அதற்காகக் கடைசியில் வரும் அணைக்கட்டுப் பகுதி கடிகாரத்தின் விளிம்பில் போய் நின்றது. ஒரு தடங்கல் கூடுதலாக வந்தாலும் அது விழுந்துவிடும் என்று சொன்னேன். விழட்டும் என்று கையைக் காட்டினார்.

அதே நியாயத்தை என் தாளில் நான் பார்க்கவில்லை. இரண்டாமவரின் குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. அவர் பதவியில் இருந்தபோது ஒரு டிசம்பரில், வடக்கே ஒரு பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. தில்லி பார்த்துக்கொண்டிருந்தது, பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது. தடுத்திருக்க முடியுமா முடியாதா என்று நான் எடுத்த புத்தகங்களே ஒன்றோடொன்று சண்டை போட்டன. நான் அதை எழுதாமல் விட்டேன். எதிரணி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எதிரணித் தலைவர் என் வீட்டிலேயே இருந்தார்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா என்னை ஸ்கூட்டியில் மாமா கடைக்கு அழைத்துப் போகச் சொன்னார். கடையில் பெயின்ட் வாங்கும் கூட்டம். மாமா எங்களைப் பார்த்துவிட்டு, பிவிசி குழாய்கள் சாத்தியிருந்த பக்கம் இரண்டு முக்காலி போட்டார். அப்பா உட்காரவில்லை.

"பாய். அந்த... டிசம்பர். மேடையில... சொல்லலாமா?"

மாமாவின் கை கல்லாப்பெட்டி மேல் இருந்தது. அங்கேயே இருந்தது. "சொல்லுங்கண்ணே. சொல்ல வேண்டியதுதான். ஆனா என்னப் பாத்துச் சொல்லாதீங்க. நீங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் ஊரே என் மூஞ்சியப் பாக்கும்."

"எந்த மூஞ்சி... வச்சுக்குவீங்க?"

"அதான் தெரியல. அன்னிக்கு நான் சவுதியில, தம்மாம்ல இருந்தேன். வீட்டுக்குப் போன் போட பூத்துல வரிசை. முன்னாடி நிக்கிறவன் எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க, தஞ்சாவூரு, கும்பகோணம், நாகப்பட்டினம். இந்துவும் இருக்கான், முஸ்லிமும் இருக்கான். ஒருத்தனும் ஒருத்தன்கிட்டயும் பேசல." பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு அரை லிட்டர் டின்னை எடுத்துக் கொடுத்தார். "இந்த டாபிக்க எந்தப் படுபாவி வச்சான்னு தேடுனேன். பாத்தா கமிட்டி தாள்ல என் கையெழுத்துதான் இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் நடுக்காவேரி ஊரைத் தாண்டியதும் அப்பா என் தோளைத் தட்டினார். வண்டியை ஓரம் கட்டினேன். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற சம்பா. "நான் சொல்லல" என்றார்.

"ஏம்ப்பா? உங்க பக்கத்துக்கு அதானே பெரிய பாயின்ட்."

அவர் பதில் சொல்ல நேரமானது. நான் சொல் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். "நான்... பாதியில நிப்பேன். அது... பாதியில நிக்கக்கூடாத விஷயம்."

காணும் பொங்கல் மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயில் இன்னும் இருந்தது. கரும்பு கடித்துக்கொண்டே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கத்தைவிட நிறைந்திருந்தது. மாமா மேசையில் ஒரு பித்தளை மணி. ஏழாவது நிமிடத்தில் ஒரு தட்டு, எட்டாவதில் இரண்டு தட்டு. இரண்டு தட்டுக்குப் பிறகு யாராக இருந்தாலும் உட்கார வேண்டும். சட்டமன்ற உறுப்பினரையே ஒரு தடவை உட்கார வைத்திருக்கிறார்.

அப்பாதான் முதலில் பேசினார். அவையை வணங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு, மிக மெதுவாக, ஒரு சொல்லும் தடுக்காமல், "முதலாமவர்... இல்லாததை... இருப்பதுபோல் பேசினார். இரண்டாமவர்... செய்ததைச்... செய்யாததுபோல் பேசினார்" என்றார்.

கைதட்டல் எழுந்தது. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "இது என் மக... எழுதுனது. அவ... பேச்சோட மொத வரி. இனிமே... என்ன பண்றான்னு பாப்போம்."

மைதானம் சிரித்து அடங்க நேரமாயிற்று. பெண்கள் பக்கமிருந்து அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது: "வீட்டுக்கு வாங்க, இருக்கு."

அந்த வரியை வைத்துக் கட்டியிருந்த என் முதல் ஒரு நிமிடப் பேச்சு போய்விட்டது. கையில் இருந்த தாளைப் பார்த்தேன். தொடக்கம் போனதும் மீதிப் பட்டியல் தலையில்லாமல் நின்றது.

அப்பா எல்லைப் போரைச் சொன்னார், அதிலே இரண்டு இடத்தில் நின்றார். தாத்தாவின் வரிசையைச் சொன்னார். அம்மா சொன்னதையும் சேர்த்தார், சாயங்காலம் அவர் பண்ணைக்குத் திரும்பிப் போனதையும். ஏழாவது நிமிடம் ஒரு தட்டு விழுந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு நிமிடம் ஆனது. மணி அடிக்கவில்லை. மாமா தாளில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்திருந்தார். எட்டரை ஆனது. கூட்டத்தில் யாரும் அசையவில்லை, எல்லோரும் அப்பாவுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

அப்பா அணைக்கட்டுக்கு வந்திருந்தார். ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். இந்த முறை சொல் வராமல் நிற்கவில்லை. நடுவர் பக்கம் திரும்பினார்.

"பாய். மணி."

"நீங்க முடிங்கண்ணே, பரவால்ல."

"எல்லாருக்கும்... எட்டு."

மாமா நிமிர்ந்தார். இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா அவையை வணங்கிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு மிகவும் பிடித்த கடைசி நாற்பது சொல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

நான் எழுந்தேன். முதல் வரி இல்லாத இடத்தில் என்ன வைப்பது என்று ஒலிபெருக்கி வரை நடக்கும்போது முடிவு செய்தேன். யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தைப் பார்த்துப் பேசினேன். நான் யாருக்காகப் பேச வந்தேனோ அவர் பேசாமல் இருந்த ஒரு நாளை முதலில் சொல்ல வேண்டும் என்றேன். பள்ளிவாசலைச் சொன்னேன், டிசம்பரைச் சொன்னேன். பேச்சைக் குறைத்து வேலையை முடிக்கும் குணம் சந்தையைத் திறக்க உதவியது, அதே குணம் அன்றைக்கு உதவவில்லை, ஒரு மனிதரிடம் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது என்றேன். பிறகு என் பட்டியலுக்குப் போனேன். உரத்தையும் சொன்னேன். பெண்கள் பக்கம் ஆமோதித்தது. ஏழரை நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

மற்ற நான்கு பேரும் பேசி முடித்த பிறகு மாமா தீர்ப்புக்கு எழுந்தார். வழக்கமான கிண்டல்கள் முடிந்ததும் குரலை இறக்கினார். "கணக்கு அணிப் பொண்ணு டிசம்பரச் சொல்லுச்சு. அதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். லிஸ்ட்ல இருக்க வேண்டியது லிஸ்ட்ல இருந்துச்சு, அவ்வளவுதான்." யாரும் கைதட்டவில்லை. அவர் தண்ணீர் குடித்தார். ஊர் அவர் முகத்தைப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

அடுத்து அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "இப்ப கனவு அணித் தலைவர். அண்ணே, ஒரே வரிசைன்னீங்க. சரி. ஆனா அந்த வரிசையக் கனவு மட்டும் போட்டுச்சா? பேர் எழுதினவன் யாரு, பெட்டி செஞ்சவன் யாரு, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குச் சின்னம் வைக்கணும்னு யோசிச்சவன் யாரு? அதெல்லாம் கணக்கு. உங்க சிறந்த உதாரணமே எதிர்க்கட்சிக்குப் போயிருச்சு. இதுக்கு உங்ககிட்ட பதில் இல்ல. அதனால, நாடு மாறும் காலத்துல பெரிதும் தேவைப்படுபவர் கணக்குப் பார்த்த தலைவரேன்னு தீர்ப்புச் சொல்றேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். தோற்றவர் முகம் இல்லை. அவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

பொன்னாடை யாருக்கும் போடவில்லை. பேசிய ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். அம்மா இரண்டு தட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, முதல் வரியைத் திருடியவருக்கு இன்று ராத்திரி இட்லி இரண்டுதான் என்று அறிவித்தாள். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கி வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மாமாவை நோக்கி, கால் இழுத்தாலும் நிற்காமல் நடந்தார். நான் பின்னால் போனேன்.

"பாய். பதில்... இல்லன்னீங்க."

"ஆமா."

"இருக்கு. நீங்க... அடிச்ச மணியில... போச்சு."

"அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்." அப்பா மூச்சு வாங்கினார். மாமா வயரைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார், எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "பெட்டி செஞ்சவன்... கணக்கு. சரி. ஆனா... பெட்டி வேணும்னு... அவனுக்கு யார் சொன்னா?"

மாமா யோசித்தார். "உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது லேசான கேள்வி இல்ல. உக்காந்து பேசுவோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நாங்களும் ஆளுக்கொரு நாற்காலி எடுத்துப் போட்டோம்.